மூன்றாம் மாடியில் ஓர் எட்டடி

என் சகலை ஒரு தச்சர். தச்சர் என்றதும் கட்டில், கதவு, நாற்காலி என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். இருபது வருடத்தில் அந்தக் கம்பெனிக்காக அவர் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை. அவர் வேலை சுவரை நகர்த்துவது. மரச்சட்டத்தில் பலகை அடித்த தடுப்புச் சுவர்கள். இந்த வருடம் இங்கே நிற்கும், அடுத்த வருடம் அங்கே நிற்கும், அதற்கடுத்த வருடம் கீழ்த்தளக் கிடங்கில் படுத்துக் கிடக்கும், பிறகு பழைய இடத்துக்கே திரும்பி வரும். சுவர் நகர்ந்தால் ஸ்விட்சும் நகர வேண்டும். அதனால் அவர் பின்னாலேயே நான். நான் எலக்ட்ரீஷியன். அவர் அக்காவைக் கட்டினார், நான் தங்கையைக் கட்டினேன். ஆக வீட்டிலும் அவர் பின்னால்தான் நான்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். வண்டி கூப்பிட, பணம் அனுப்ப, சொந்தக்காரர்களோடு சண்டை போட என்று தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் கையில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறார்களே, அந்தச் செயலியைச் செய்கிற கம்பெனி. போட்டிக்கு வந்த சின்னக் கம்பெனிகளை ஒவ்வொன்றாக விழுங்கி ஏப்பம் விட்டாயிற்று. இவ்வளவு வளர்ச்சிக்கும் காரணம் புதுமைக் கலாசாரம். இதை நான் சொல்லவில்லை. லிஃப்டுக்குள் எழுதி ஒட்டியிருக்கிறது.

அந்தக் கலாசாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு தலைவர் உண்டு. இரண்டு வருடத்துக்கு ஒருவர் மாறுவார். வருகிற ஒவ்வொருவரும் வந்த இரண்டாவது வாரம் மாடி மாடியாக நடந்து பார்த்துவிட்டு, என் சகலையைக் கூப்பிடுவார். முதலாமவர், சுவர் மனிதர்களைப் பிரிக்கிறது, எல்லாவற்றையும் எடு என்றார். இரண்டாமவர், இந்தச் சந்தைக்கடைச் சத்தத்தில் எவன் யோசிப்பான், ஆளுக்கோர் அறை போடு என்றார். மூன்றாமவருக்குப் பாதிச் சுவர். உட்கார்ந்தால் பக்கத்து ஆள் தெரியக் கூடாது, நின்றால் தெரிய வேண்டும். நான்காமவர் நாற்காலிகளையே எடுத்துவிட்டார். ஐந்தாமவர் வந்து, நாற்காலி இருந்த இடத்தில் பஞ்சு மூட்டைகளைப் போட்டார். கணக்குப் பிரிவு அம்மா ஒருவர் அதில் உட்கார்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல், இரண்டு பேர் இரண்டு கையையும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். சும்மா சொல்லக் கூடாது, சுவர் இருந்த வருடமும் கம்பெனி வளர்ந்தது, சுவர் இல்லாத வருடமும் வளர்ந்தது. வருடக் கடைசியில் வழவழ காகிதத்தில் ஒரு புத்தகம் போடுவார்கள். அதில் வளர்ச்சிக்குக் காரணம் அந்தந்த வருடத்துச் சுவர் என்றுதான் இருக்கும்.

சகலை எதற்கும் மூச்சு விட மாட்டார். பிரித்தெடுத்த ஒவ்வொரு பலகையின் பின்னாலும் பென்சிலால் மாடி, மூலை, வரிசை எண் எழுதி, கிடங்கில் அடுக்கி வைப்பார்.

“தூக்கிப் போடச் சொன்னாங்களே சகலை, எதுக்கு இத்தனை பத்திரம்?” என்று ஒரு முறை கேட்டேன்.

“தலைவர் மாறினா வேணும்” என்றார்.

வேறு கம்பெனிக்கு ஓடிப்போகாமல் ஏன் இந்தக் கூத்தைச் சகித்துக்கொண்டிருந்தார் என்று கேட்பீர்கள். காரணம் அக்காவின் விரல்கள். அக்கா என்றால் அவர் மனைவி. என் மனைவிக்கு அக்கா, எனக்கும் அக்காதான். தையல் வேலை. கண்ணை மூடிக்கொண்டு காலர் வெட்டுகிற கை. நாற்பத்து மூன்று வயதில் மூட்டு வாதம் வந்து பத்து விரலையும் ஒன்றாகப் பிடித்தது. பதினைந்து நாளுக்கு ஓர் ஊசி. அது தவறாமல் இருந்தால் விரல் மடங்கும், தையல் மெஷின் ஓடும். ஒரு தடவை மருந்து வந்து சேராமல் ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. அப்போது அக்கா தண்ணீர் டம்ளரை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அணைத்துப் பிடித்துக் குடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவள் வாய் மட்டும் ஓயவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

கைக்காசு போட்டு வாங்கக்கூடிய மருந்து இல்லை அது. கம்பெனி வைத்தியத்தில் நடந்தது. இருபது வருடம் முடித்தவருக்கும் அவர் துணைக்கும் ஆயுசு முழுக்க வைத்தியம் இலவசம் என்று பழைய முதலாளி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அதற்கு ஒரு நாள் முன்னால் ஒழுங்கு நடவடிக்கை என்று வெளியே அனுப்பினாலும் ஒன்றும் கிடையாது. நான் சொல்ல வருகிற சமாசாரம் நடந்தபோது சகலைக்கு இருபதாவது வருடம் முடிய ஏழு மாதம் பாக்கி.

இனி அந்த அறைக்கு வருகிறேன்.

அது ஆறாவது தலைவர் காலத்தில், அதற்கும் ஆறு வருடத்துக்கு முன்னால் தொடங்கியது. அவருக்கும் எல்லாம் திறந்தே இருக்க வேண்டும். மூன்றாம் மாடியில் கடைசியாக ஒரே ஓர் அறை மிச்சம். காபி மெஷினுக்குப் பக்கத்தில், எட்டடி நீளம், ஆறடி அகலம். சகலை ஸ்குரூ டிரைவரோடு உள்ளே போனார். ஓர் அம்மா மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். நோட்டீஸ் போர்டில் யார் எதை ஒட்டினாலும் பிழையைச் சிவப்புப் பேனாவால் திருத்திவிடுவார் என்பதால் அவருக்கு டீச்சர் என்று பெயர். உண்மையில் புரோகிராம் எழுதுகிறவர். சகலை செருமினார். டீச்சர் திரும்பாமலே வலது கையின் ஒற்றை விரலைத் தூக்கி, “ஒரு நிமிஷம்” என்றார்.

சகலை நின்றார். பிறகு தரையில் உட்கார்ந்தார். வந்த ஆளை டீச்சர் மறந்தே போனார். திரையையும் பார்க்காமல், மேஜை மூலையைப் பார்த்தபடி அசையாமல் இருந்தவர், நடுவில் எதையோ எழுதினார், அடித்தார், மறுபடியும் மூலையைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடம் முடிய இரண்டு மணி இருபது நிமிடம் ஆனது.

“நீங்க எப்ப வந்தீங்க?” என்று கேட்டாராம்.

“இப்பத்தான் மேடம்” என்றாராம் இவர்.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்து, “சகலை, அந்த ரூம்ல விளக்கும் பிளக்கும் அப்படியே இருக்கட்டும். கழட்டாத” என்றார்.

“இடிக்கச் சொல்லி ஆர்டர் இருக்கே?”

“ஒரு ஆள் இவ்வளவு நேரம் நெஜமா யோசிச்சு நான் பார்த்ததே இல்ல. அத இடிக்க எனக்கு மனசு வரல.”

அவர் செய்தது இவ்வளவுதான். புதுப் பிளானில் அந்த எட்டடியைச் சுற்றிக் கோடு போட்டு, உள்ளே குறுக்காக ஒரு பெருக்கல் குறி போட்டு, ‘குழாய் போகும் பாதை’ என்று எழுதினார். கதவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பலகையை நிறுத்தினார். கைப்பிடி கிடையாது, இடது ஓரத்தைத் தள்ளினால் திறக்கும். பிளானை யார் சரிபார்ப்பது? புதுத் தலைவர் வந்தால் பழைய பிளானைக் கொண்டுவரச் சொல்லி, அதன் மேலேயே சுவர்களை அழித்து அழித்து வரைவார். தூணிலும் குழாயிலும் மட்டும் எவரும் கை வைக்க மாட்டார். கை வைத்தால் மாடி தலையில் விழும் என்கிற அளவுக்கு எல்லோருக்கும் இன்ஜினீயரிங் தெரியும்.

டீச்சரின் மேலதிகாரிகளும் எட்டு மாதத்துக்கு ஒருவராக மாறிக்கொண்டிருந்தார்கள். முடித்த வேலை சொன்ன நேரத்துக்குக் கைக்கு வந்து சேர்ந்ததால் ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எவரும் தேடவில்லை. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அவரைக் காபி மெஷின் அருகில்தான் எல்லோரும் பார்த்தார்கள். அந்த வருடம், சக ஊழியர்களோடு மிக அதிகமாகக் கலந்து பழகுபவர் என்று டீச்சருக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதிலும் இரண்டு பிழை இருந்தது. திருத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த அறையில்தான் அது பிறந்தது. சிக்னல் அறுந்துபோனாலும் செயலி நிற்காது, கையிலிருக்கிற வேலையை முடித்துவிட்டுத்தான் ஓயும். இன்றைக்கு மலையடிவாரத்திலும் சுரங்கப் பாதையிலும் உங்கள் போன் வேலை செய்கிறதே, அது டீச்சருடைய மூன்று வருட யோசனை. இதனால் கம்பெனி எங்கேயோ போய்விட்டது. எதிராளிகள் இரண்டு பேர் கடையை மூடினார்கள்.

காரணம் எழுத வேண்டுமே! அப்போதிருந்த ஏழாவது தலைவர் விசாரித்தார். மூன்றாம் மாடிக்காரர்கள் இரண்டு பேர், ஒரு நாள் காபி மெஷின் முன்னால் முட்டிக்கொண்டோம், சட்டையில் காபி கொட்டியது, சிரித்தபடி சிக்னல் பற்றி ஏதோ பேசினோம் என்று சொன்னார்கள். போதாதா? காபி மெஷினுக்கு மேலே ‘இங்கேதான் பிறந்தது’ என்று பித்தளைத் தகடு. பக்கத்தில் அந்தக் காபிக் கறைச் சட்டை, கண்ணாடிச் சட்டத்துக்குள். ஆணி அடித்தது சகலை, அதற்கு மேலே சின்ன விளக்குப் போட்டது நான். டீச்சர் அந்தப் பலகையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, தகட்டைப் படித்தார், சட்டையைப் பார்த்தார், “துவைச்சா போயிடும்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

எனக்குத்தான் வயிறு எரிந்தது. “நீங்களாவது யார்கிட்டயாவது சொல்லக் கூடாதா மேடம்?” என்றேன்.

“சொன்னா கதவைத் தட்டுவாங்க” என்றார்.

அவர் சொன்னதன் முழு அர்த்தம் பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஒன்பதாவது தலைவர் வந்தார். இவருக்குச் சுவர் பற்றிக் கவலையே இல்லை. குழாய் பற்றித்தான் கவலை. ஒரு நிறுவனம் தன் உள்ளுறுப்புகளைக்கூட மறைக்கக் கூடாது. தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், கம்பி எல்லாம் நேர்மையாக வெளியே தெரிய வேண்டும். ஒளிவு மறைவில்லாத இடத்தில்தான் புதுமை பிறக்கும் என்றார். ஏழு மாடியிலும் குழாய்களை மூடிய பலகைகளைக் கழற்ற ஆணை. முதல் பலகையைத் திங்கட்கிழமை பத்து மணிக்கு, போட்டோகிராபரை வைத்துக்கொண்டு அவரே முன்னின்று திறப்பார். எந்த இடத்தில் என்று கேளுங்கள். மூன்றாம் மாடி, காபி மெஷின் பக்கத்தில், பித்தளைத் தகடு இருக்கிற அதே இடம்!

பொய்ப் பிளான், அனுமதியில்லாத மின் இணைப்பு, ஆறு வருட ஏமாற்று. வீட்டுக்கு அனுப்ப இதில் ஒன்றே போதும். விளக்கும் பிளக்கும் என் கைவேலை, என் கழுத்தும் சேர்ந்துதான் போகும். ஆனாலும் என் கண்முன் நின்றது அக்காவும் அந்தத் தண்ணீர் டம்ளரும்தான்.

“சனிக்கிழமை யாரும் இருக்க மாட்டாங்க. மேஜையைத் தூக்கிடுவோம், விளக்கைக் கழட்டிடுவோம். திங்கக்கிழமை திறந்தா வெறும் இடம். பழைய குழாய் எப்பவோ எடுத்தாச்சுன்னு சொல்லிட்டாப் போச்சு” என்றேன்.

சகலை கிடங்கில் பலகைகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

“ஏழே மாசம் சகலை! அந்தம்மாவுக்கு என்ன, படிச்சவங்க, எங்க உட்கார்ந்தாலும் பிழைச்சுக்குவாங்க. அக்கா எங்க போவாங்க?”

“சரி” என்றார் கடைசியில்.

சனிக்கிழமை காலையில் தள்ளுவண்டியோடு போனோம். பலகையைத் தள்ளினால் உள்ளே டீச்சர்! அவருக்குச் சனியும் தெரியாது ஞாயிறும் தெரியாது. சகலையைப் பார்க்காமலே விரலைத் தூக்கினார்.

சகலை உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டெஸ்டரை உடைத்திருப்பேன். முக்கால் மணி நேரம் அந்த மனிதர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்க, நான் வெளியே அந்தச் சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு டீச்சர் திரும்பினார். சகலை உள்ளதை உள்ளபடி சொன்னார். விரல், ஊசி, ஏழு மாதம், எல்லாம்.

டீச்சர் யோசிக்கவேயில்லை. “இதுக்கா தயங்கினீங்க? முதல்ல மேஜையை எடுங்க. ஆறு வருஷம் குடுத்தீங்களே, அதுவே பெருசு” என்று தன் நோட்டுகளை எடுத்துப் பைக்குள் திணிக்கத் தொடங்கினார்.

நான் விளக்கடியில் ஏணியைப் போட்டேன். சகலை முதல் ஸ்குரூவில் கை வைத்தார். அரைச் சுற்றுச் சுற்றினார். நின்றார். திரும்ப முறுக்கி இறுக்கிவிட்டார்.

“நோட்டைத் திரும்ப மேஜைமேலயே வைங்க மேடம். நான் பார்த்துக்கறேன்.”

“என்னத்தப் பார்த்துப்பீங்க?” என்று ஏணியிலிருந்தபடியே கத்தினேன். அவர் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார். வழி நெடுக நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை பத்து மணி. தலைவர், போட்டோகிராபர், கை தட்டுவதற்கென்று நாற்பது பேர். தலைவர் குழாயின் நேர்மை பற்றி இரண்டு நிமிடம் பேசிவிட்டு, பலகையைக் காட்டி, “திறங்க” என்றார்.

சகலை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “சார், இங்க குழாய் இல்ல. ஆள் இருக்காங்க” என்றார்.

இடது ஓரத்தைத் தள்ளினார். டீச்சர் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தம் கேட்டு விரலைத் தூக்கினார். நாற்பது பேரும் எட்டிப் பார்த்தார்கள். சகலை எல்லாவற்றையும் சொன்னார். பொய்ப் பிளான் போட்டது தான் ஒருவன்தான், எலக்ட்ரீஷியனுக்கு ஒன்றும் தெரியாது என்று என்னைக் காப்பாற்றுகிற பொய்யையும் சேர்த்து. சிக்னல் வேலை பிறந்தது காபிக் கறையில் இல்லை, இந்த மேஜையில் என்றும் சொன்னார். நான் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

தலைவரின் முகம் சிவந்தது. பிறகு மலர்ந்தது. அடேங்கப்பா, அப்படியொரு மலர்ச்சியை நான் கண்டதில்லை!

“இதுதான்! இதுதான் நம்ம கலாசாரம்! விதியை மீறத் துணிஞ்ச ஒரு தச்சர்!” என்று சகலையைக் கட்டிப்பிடித்தார். போட்டோகிராபர் மூன்று தடவை கட்டிப்பிடிக்கச் சொன்னார். குழாய்ப் பேச்சு அந்த இடத்திலேயே செத்துப்போனது.

ஒரே வாரத்தில் ‘மறைவறைத் திட்டம்’ வந்துவிட்டது. மாடிக்கு மூன்று மறைவறை. மறைந்திருக்க விரும்புகிறவர் பெயர், பிரிவு, மறையும் நேரம், மறைவதன் நோக்கம் எல்லாவற்றையும் நாலு பக்கப் படிவத்தில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, வாசலில் ஒட்ட வேண்டும். சகலைக்குப் பதினெட்டு அறைக்கான வேலை. ஆறு மாடிக்கு மூன்று வீதம் பதினெட்டு. மூன்றாம் மாடிக்கு மட்டும் வேறு ஏற்பாடு. அங்கே அசல் அறையே இருக்கிறது. வருகிற பெரிய மனிதர்கள் அதைப் பார்க்க வேண்டாமா? முன் சுவரை எடுத்துவிட்டு, தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி போடச் சொன்னார்கள்.

“உள்ள அந்தம்மா இருப்பாங்களே சார்?” என்று சகலை கேட்டார்.

“அவங்கதானே முக்கியம்!” என்றார் தலைவர்.

அன்றைக்குத் துணிந்த மனிதர் இன்றைக்கும் துணிவார் என்று நினைத்தேன். அவர் பேசாமல் கண்ணாடிக்கு அளவெடுத்தார். எனக்கு, உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது. அப்பாடா, ஆறரை மாதம்தான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு உள்ளே நாலு விளக்குப் போட்டுக் கொடுத்தேன். டீச்சரின் மேஜை மூலையில் ஒன்றின் வெளிச்சம் நேராக விழுந்தது.

தினமும் பதினொரு மணிக்கு ஒரு கூட்டம், நாலு மணிக்கு ஒரு கூட்டம். கண்ணாடியைத் தட்டுவார்கள். டீச்சர் விரலைத் தூக்குவார். அந்த விரலைப் படமெடுப்பார்கள். சில நாளில் அது கம்பெனிக்கே அடையாளமாகிவிட்டது. காபிக் கோப்பையில், பையில், லிஃப்டுக் கதவில் எல்லாம் ஒற்றை விரல். பதினேழாவது நாள் டீச்சர் அடையாள அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நாற்காலி காலியாக இருந்தால் நன்றாக இருக்காது என்று, ஒரு விற்பனைப் பிரிவுக்காரரைக் காலையிலும் இன்னொருவரை மாலையிலும் யோசிப்பதற்கு உட்கார வைத்தார்கள். விரல் தூக்குவதில் மாலைக்காரர் கொஞ்சம் கெட்டிக்காரர்.

அந்த வாரம் அக்காவுக்கு ஊசி நாள். நானும் என் மனைவியும் போயிருந்தோம். டீச்சர் போய்விட்டதை நான்தான் வாய் தவறிச் சொன்னேன். அறை, தகடு, கட்டிப்பிடிப்பு வரை அக்காவுக்குத் தெரியும். கண்ணாடி தெரியாது.

“கண்ணாடி போட்டது யாரு?” என்றாள்.

நான் சகலையைப் பார்த்தேன்.

“உங்களைத்தாங்க கேக்கறேன். நீங்களா?”

“உன் விரலை நெனச்சுத்தான்...” என்று சகலை தொடங்கினார்.

“போதும். என் விரல் மேல பழியப் போடாதீங்க” என்றாள் அக்கா. “மடங்கலன்னா மடங்கலன்னு இருந்துட்டுப் போறேன். ஒரு பொம்பளைய கண்ணாடிக்குள்ள உட்கார வெச்சு ஊரைக் கூப்பிட்டுக் காட்டத்தான் இந்த விரல் நல்லா இருக்கணுமா? தம்பி, நீயும்தானே விளக்குப் போட்ட?”

நான் தரையைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. சகலை எழுந்து போய்ச் சமையலறையில் நின்றார். அக்கா தன் கையைத் தானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்த வீட்டில் சுவர் பற்றிப் பேச்சே கிடையாது.

இருபது வருடம் முடிந்த நாளில் கம்பெனி விழா எடுத்தது. அக்காதான் சகலையின் சட்டைக் காலர்ப் பொத்தானைப் போட்டுவிட்டாள், ஒன்றும் பேசாமல். ஐந்நூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கம். தலைவர் ஆயுசு முழுக்க வைத்தியம் இலவசம் என்கிற சான்றிதழையும் விரல் படம் போட்ட ஒரு கோப்பையையும் கொடுத்து, புதுமை பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

சகலை மைக் முன்னால் நின்றார். “அந்தம்மா விரலைத் தூக்கினது படம் எடுக்கறதுக்கு இல்ல. கொஞ்ச நேரம் சும்மா இருங்கன்னு சொல்றதுக்கு” என்றார். பிறகு தன் விரலைத் தூக்கினார். “ஒரு நிமிஷம்” என்றார். அப்படியே நின்றார்.

அரங்கம் அமைதியானது. இப்போதாவது இவர்களுக்கு உறைக்கும் என்று நினைத்தேன். முன் வரிசையில் தலைவர் எழுந்து தன் விரலைத் தூக்கினார். அவரைப் பார்த்து ஐந்நூறு பேரும் எழுந்து விரலைத் தூக்கினார்கள். யாரோ கை தட்டினார். அவ்வளவுதான், கூரை பிய்ந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். “எவ்வளவு நேரம் சும்மா இருந்தாங்க?”

“ஒன்பது எண்ணினேன். அதுக்குள்ள தட்டிட்டாங்க.”

அக்கா சான்றிதழை எடுத்து, ஊசி வைக்கிற பெட்டிக்கு அடியில் வைத்தாள். கோப்பையைத் தொடவில்லை. “அந்தம்மாவ இதுவரைக்கும் போய்ப் பார்த்தீங்களா?”

“எந்த முகத்தோட போறது?”

“இருக்கிற முகத்தோடதான். நாளைக்குப் போங்க. தம்பி, நீயும் கூடப் போ.”

போனோம். நாலு குடித்தனம் இருக்கிற ஒரு கட்டடத்தில் முதல் மாடி. மேல் வீட்டில் யாரோ மேஜையை இழுக்கிற சத்தம், பக்கத்து வீட்டில் டிவி. கதவு பாதி திறந்திருந்தது. டீச்சர் ஜன்னலோரமாக, சுவரைப் பார்த்துப் போட்ட மேஜையில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். காதில் பஞ்சு வைத்திருந்தார். சகலை கதவைத் தட்டக் கையைத் தூக்கி, தட்டாமல், மெல்லச் செருமினார்.

டீச்சர் திரும்பவில்லை. விரலைத் தூக்கினார். “ஒரு நிமிஷம்.”

சகலையின் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளாமலே மாடிப்படியில் உட்கார்ந்தார். சொல்ல வந்த மன்னிப்பு வாயிலேயே இருந்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு அவசரம் எதுவும் தோன்றவில்லை.

“எவ்வளவு நேரம் ஆகும் சகலை?” என்று ரகசியமாகக் கேட்டேன்.

“ஆகட்டுமே” என்றார்.